கழுத்தில் இல்லாத கட்டி

போன மாதம் நஸ்ரின் தொலைபேசியில் அழைத்தாள். நான் இருந்த கதிரையில் இப்போது அவள்தான் இருக்கிறாள், கால்நடைப் போதனாசிரியையாக. நல்ல பிள்ளை, கெட்டிக்காரி, கொஞ்சம் அவசரக்காரி. "மிஸ், போன்ல பார்த்தா ஊசி போட்டதாக் காட்டுது. மாடு செத்துப் போச்சு. அப்ப ஊசி போட்டவர் பொய்தானே பதிஞ்சிருக்கார்?" என்று கேட்டாள். இப்போதெல்லாம் மாட்டின் காதில் இலக்கம், அதன் சரித்திரம் முழுக்கக் கையிலுள்ள போனில். எங்கள் காலத்தில் மாட்டின் சரித்திரம் சொந்தக்காரரின் வாயில்தான் இருந்தது. அப்படியிருந்தும் இந்தக் கேள்வி கொஞ்சமும் மாறவில்லை. "பொய் எண்டு முடிவெடுக்க முதல் கொஞ்சம் பொறு" என்றேன். "ஏன் மிஸ்?" என்றாள். அந்த ஏனுக்குப் போனில் பதில் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஊர்க்காரர் எங்களை ஒருநாளும் போதனாசிரியர் என்று கூப்பிட்டதில்லை. ஆண் என்றால் மாட்டு டொக்டர், பெண் என்றால் மாட்டு மிஸ். என் ஊரான உடப்பில் மாமிமார் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். மீன் பிடிக்கிற ஊரில் பிறந்து மாட்டுக்குப் பின்னால் போனவள் நான் ஒருத்திதான். பயிற்சி கண்டிப் பக்கம். எலும்புகளின் பெயரும் மருந்துகளின் அளவும் மனப்பாடம் செய்தேன், குளிரில் நடுங்கியபடி சிங்களம் பேசப் பழகினேன், சான்றிதழை வாங்கிக்கொண்டு இறங்கி வந்தேன். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உண்மையில் வேலை பழகியது ஊருக்கு வந்த பிறகு, பெர்னாண்டோ டொக்டரிடம்.

அவர் சிலாபத்துக்காரர், எங்கள் கந்தோருக்குப் பொறுப்பான மிருக வைத்தியர். கோபம் வந்தால் சிங்களம் பேசுவார், பகிடி விடத் தமிழ், மேலிடத்துக்கு எழுத ஆங்கிலம். சிகரெட்டை விட்டுப் பல வருஷமாகியும் நெருப்புப் பெட்டியை மட்டும் சட்டைப்பையிலிருந்து எடுக்கவில்லை. அது எங்களைக் குடைவதற்கு அவருக்குத் தேவைப்பட்டது.

வெளியில் போய் வந்து, "டொக்டர், இப்படி நடக்கக் கூடாது, ஆனா நடந்திட்டுது" என்று யாராவது சொன்னால் போதும், பெட்டி திறக்கும். "ஏன் நடக்கக் கூடாது?" என்று கேட்பார். நாங்கள் ஒரு காரணம் சொல்வோம். ஒரு குச்சியை எடுத்து மேசையில் வைப்பார். இன்னொரு காரணம் சொன்னால் இன்னொரு குச்சி. எல்லாம் வைத்து முடிந்ததும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, "இது நீங்க பார்த்ததா, கேட்டதா?" என்பார். பார்த்தது ஒரு பக்கம் போகும், கேட்டது மறுபக்கம் போகும். இதற்கிடையில் யாராவது, "ஒருவேளை அவர் இப்படிச் செய்திருப்பாரோ" என்று தொடங்கினால் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். "அது புதுக் குச்சி. பெட்டிக்குள்ளயே இருக்கட்டும். முதல்ல மேசையில இருக்கிறதப் பார்ப்பம்."

இது என்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்று முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. வெயிலில் அலைந்து களைத்து வந்தவளை நிறுத்தி வைத்து ஒரு மனுஷன் நெருப்புக் குச்சி அடுக்குகிறார் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? போகப் போகத்தான் விளங்கிற்று. நினைத்ததற்கு மாறாக ஒன்று நடந்துவிட்டால், தாங்கள் ஏற்கெனவே நம்பியதில் எது பிழை என்று ஆட்கள் தேடுவதில்லை. நம்பியது எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, நடந்ததற்கு ஒரு கதையைப் புதிதாகச் சேர்க்கிறார்கள். கதைக்கு எப்போதும் ஒரு ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆள் பெரும்பாலும் அங்கே நின்று பதில் சொல்ல முடியாத ஒருவராகத்தான் இருப்பார்.

டொக்டரும் இதற்கு விலக்கில்லை. மதுரங்குளியில் ஒரு தையற்காரர் ஒரேயொரு பசு வைத்திருந்தார். டொக்டர் அதன் உள்ளே கைவிட்டுப் பார்த்து, "சினை இல்லை" என்று அடித்துச் சொல்லிவிட்டார். சில மாதம் கழித்து அந்த மனுஷன் ஒரு சட்டி கடும்பு காய்ச்சிக்கொண்டு கந்தோருக்கு வந்தார். கன்று ஈன்ற பசுவின் முதற்பாலில் செய்கிற அந்தக் கடும்பு டொக்டருக்கு உயிர். சாப்பிட்டுக்கொண்டே, "நான் பார்த்த பிறகு எந்தக் காளையாவது வந்திருக்கும்" என்றார். தையற்காரர் பணிவாக, அதற்குள் கன்று வயிற்றில் வளர்ந்து வெளியே வர நாள் போதாதே என்றார். "அப்ப திகதி எழுதினதில பிழை" என்றார் டொக்டர். டொக்டர் சட்டியை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். அடுத்த நாள் காலை நான் போனபோது அவருடைய மேசையில் குச்சிகள் அடுக்கப்பட்டிருந்தன. ஒரே ஒரு குச்சி மட்டும் தனியாகக் கிடந்தது. அது என்ன என்று கேட்டேன். "என்ட கை" என்றார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அன்றுதான்.

இனி நஸ்ரினுக்குச் சொல்ல வந்த விஷயம். யுத்தம் முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. வீதியில் சோதனைச் சாவடிகள் எடுபட்டு, தடுப்பூசி மருந்து வைத்த ஐஸ் பெட்டியை இடத்துக்கு இடம் திறந்து காட்டி மருந்தைச் சூடாக்கும் தொல்லை ஒழிந்திருந்த காலம். மாரி தொடங்கும்போது எங்கள் பக்கத்து மாடுகளுக்குத் தொண்டை அடைப்பான் வரும். காலையில் மேய்ந்த மாட்டுக்கு மத்தியானம் காய்ச்சல், பின்னேரம் தொண்டை வீங்கி மூச்சு இழுக்கும், அடுத்த நாள் இருக்காது. வந்த பிறகு செய்ய அதிகமில்லை. வருமுன் ஊசி போடவேண்டும்.

அந்த ஊசி மருந்து எண்ணெய் கலந்தது, பால் போல வெள்ளை, தடிப்பு. போத்தலை நன்றாகக் குலுக்கி, கழுத்தின் பக்கவாட்டில், தோளுக்குச் சற்று முன்னால் ஏற்றவேண்டும். ஏற்றிய இடத்தில் ஒரு கட்டி வரும். தேசிக்காய் அளவில் வந்து, மெல்ல மெல்லக் குறைந்து, ஓரிரு மாதத்தில் போய்விடும். மாட்டுக்கு அதனால் ஒரு கெடுதியும் இல்லை. எங்களுக்கு அது நல்ல அடையாளமும்கூட. கழுத்தைத் தடவிப் பார்த்தாலே எந்த மாட்டுக்கு ஊசி போட்டது, எதற்குப் போடவில்லை என்று தெரிந்துவிடும்.

ஊசி போடுவதற்கு எங்களிடம் சவரிமுத்து இருந்தார். கண்டக்குழியில் பிறந்து, கடலுக்குப் போகக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் வள்ளத்தை விற்றுவிட்டு, கல்யாணம் கட்டி முந்தல் பக்கம் வந்தவர். தற்காலிக வேலைதான். நிரந்தர நியமனத்துக்கு அவருடைய பெயர் போயிருந்தது, அந்த வருஷமே வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தோம். அதிகம் கதைக்கமாட்டார். மாட்டோடு மட்டும் கதைப்பார். ஊசி ஏற்றுமுன் அதன் காதடியில் ஏதோ சொல்வார், என்னவென்று கேட்டால் சிரிப்பார்.

மதுரங்குளியிலிருந்து களப்புப் பக்கமாக உள்ளே போனால் ஒரு முஸ்லிம் ஊர். அங்கே நிறைய மாடு வைத்திருந்தவர் ஹனீபா ஹாஜியார். சந்தியில் அவருக்கு ஹாட்வெயார் கடை. ஆணி நிறுக்கும்போது தராசுத் தட்டு தாழ்ந்த பிறகும் இன்னும் ஒரு பிடி அள்ளிப் போடுகிறவர். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே மாதிரிச் சொல்வார்கள். அந்த ஊரில் ஊசி போடுகிற நாளில் எல்லா வீட்டு மாட்டையும் பள்ளிவாசலுக்குப் பின்னாலுள்ள பட்டியில் அடைத்து ஒன்றாகப் போடுவது வழக்கம். யாருடைய மாடு எத்தனை என்று பிரித்து எழுதுவதில்லை. ஹாஜியாருடைய மேய்ச்சல் மாடுகளை மேய்ப்பவர் சாய்த்துக்கொண்டு வருவார். வீட்டின் பின்னால் கட்டி வளர்த்த இரண்டு காளைகள் மட்டும் வீட்டிலிருந்து வரவேண்டும். அந்த இரண்டும் ஹஜ்ஜுப் பெருநாளில் அறுத்துக் குர்பான் கொடுப்பதற்காக ஹாஜியாரின் மனைவி ஜெமீலா ராத்தா கன்றிலிருந்து தன் கையாலேயே புண்ணாக்கு வைத்து வளர்த்தவை. காலையில் கடைக்குப் போகமுன், காளைகளையும் பட்டிக்கு அனுப்பும்படி ஹாஜியார் வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மழை தொடங்கியது. பெருநாளுக்குக் கொஞ்ச நாள் இருக்கையில் அந்த இரண்டு காளைகளும் அடுத்தடுத்துச் செத்துப்போயின.

டொக்டரும் நானும் போனோம். தொண்டை வீங்கியிருந்தது, நோயில் சந்தேகமே இல்லை. டொக்டர் குந்தியிருந்து வீக்கத்தை விலக்கி, தோள் பக்கமாகக் கழுத்தை மெல்ல மெல்லத் தடவினார். பிறகு என்னைத் தடவச் சொன்னார். இரண்டு பக்கமும் தடவினேன். கட்டி இல்லை. சுற்றி நின்ற ஊரார் எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என்ன மிஸ்?" என்று ஒருவர் கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன், ஊசி போட்ட அடையாளம் இல்லை என்று.

அன்றைக்கே கதை தொடங்கிவிட்டது. சவரிமுத்து மருந்தை வெளியில் விற்றுவிட்டு வெறும் தண்ணீரை ஏற்றியிருக்கிறார். நான் அடுத்த நாள் போய் ஹாஜியாரின் மற்ற மாடுகளைப் பிடித்துக் காட்டினேன், எல்லாவற்றிலும் கட்டி இருந்தது. கதை விழுந்துவிடும் என்று நினைத்தேன். விழவில்லை. "அப்ப கடைசிப் போத்தலை மட்டும் வித்திருக்கார்" என்றார்கள். வெறும் போத்தல் எல்லாம் சரியாகக் கந்தோருக்குத் திரும்பி வந்திருக்கின்றன என்று சொன்னேன். "போத்தலுக்குள்ள தண்ணிய ஊத்திக் கொண்டு வந்தா யாருக்குத் தெரியும்?" என்றார்கள். நான் ஒன்றை மறுக்க மறுக்க அவர் இன்னும் பெரிய கள்ளனாகிக்கொண்டு போனார். இதில் ஒருவர், குர்பான் மாடு என்று தெரிந்து வேண்டுமென்றே செய்தது, அவர்கள் ஆட்கள் அப்படித்தான் என்றும் சொல்லிவிட்டார். அது முந்தல் தமிழர்களிடம் போய்ச் சேர்ந்தது. அங்கேயும் சும்மா இருப்பார்களா? நம்முடைய ஆள் என்றபடியால்தான் பழி போடுகிறார்கள் என்று அங்கே ஒரு கதை எழும்பியது. எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் இப்படித் தொடங்குகிற கதைகள் எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஹாஜியார் சவரிமுத்துமேல் முறைப்பாடு வைத்துப் பெட்டிசம் எழுதினார். மேலிடத்திலிருந்து விசாரணைக்கு நாள் குறித்தார்கள். நியமனத்தை நிறுத்தி வைத்தார்கள். சவரிமுத்துவிடம் டொக்டர் நேராகவே கேட்டார், அந்த இரண்டு காளைக்கும் ஊசி போட்டீரா என்று. "ஓம் டொக்டர். ஹாஜியார்ட மாடு எல்லாத்துக்கும் போட்டனான்" என்றார். அந்தப் பதில்தான் அவருக்குப் பெரிய வினையாகப் போயிற்று. போட்டால் கட்டி இருக்கவேண்டும். கட்டி இல்லை. ஆகவே பொய் சொல்கிறார். இதில் எங்கே ஓட்டை? எனக்கும் தெரியவில்லை. அவரை எனக்குப் பிடிக்கும், ஆனாலும் அவர் ஏதோ செய்திருக்கிறார் என்றுதான் அந்த வாரம் நானும் நினைத்தேன்.

டொக்டர் நெருப்புப் பெட்டியைத் திறந்தார். ஊசி போட்டால் கட்டி வரும், இது ஒரு குச்சி. நீங்க பார்த்ததா? பார்த்தது, வருஷம் வருஷமாக. செத்த காளைகளில் கட்டி இல்லை. அதுவும் என் கையால் தடவியது. மருந்து நல்ல மருந்து. மற்ற மாடுகளில் பார்த்தது. கடைசியாக ஒரு குச்சி கையில் இருந்தது. "காளை ரெண்டும் அண்டைக்குப் பட்டிக்கு வந்தது. இது?"

"ஹாஜியார் சொன்னவர்" என்றேன்.

"ஹாஜியார் அண்டைக்கு எங்க?"

அன்று அவர் கடையில். ஆனாலும், ஹாஜியார் பொய் சொல்கிற ஆள் இல்லை டொக்டர் என்றேன். "நான் அப்பிடிச் சொல்லேல்ல. அவரும் யாரிட்டயோ கேட்டிருக்கிறார். சவரியும் எல்லாம் வந்திட்டுது எண்டு கேட்டு நம்பி, எல்லாத்துக்கும் போட்டன் எண்டு சொல்றார்" என்றார். அந்தக் குச்சியைத் தனியாக வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, அந்த வீட்டு அடுப்படிக்கு என்னால் போக முடியாது, உங்களால் முடியும் என்றார்.

ஜெமீலா ராத்தா என்னைக் கண்டதும் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். காளைகளைப் பற்றிக் கேட்டேன். மகன் கட்டாரில் வேலை செய்யும்போது கட்டடத்திலிருந்து விழுந்து உயிர் பிழைத்ததும், அவனுக்காக அவர் நேர்ந்து நிய்யத் வைத்ததும், கன்று இரண்டையும் வாங்கியதும் எல்லாம் சொன்னார். ஊசியைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குர்பான் மாடு எப்படி இருக்கவேண்டும் என்று மட்டும்தான் கேட்டேன், உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான்.

"குறையில்லாம இரிக்கணும் மிஸ். கண் தெரியாதது கூடாது, நொண்டி கூடாது, காது அறுந்தது கூடாது" என்றார். அடுப்பில் விறகை உள்ளே தள்ளிவிட்டார். "போன வருஷம் மத்த மாடுகள்ட கழுத்துல கட்டி கட்டியா வந்திச்சே. அல்லாஹ்வுக்குக் குடுக்கிற மாட்ட கட்டியோட எப்படிக் குடுக்கிறது? நான் அனுப்பல்ல. அவர் அந்திக்கு வந்து, போட்டாச்சா எண்டு கேட்டார். ஓம் எண்டேன். நான் செஞ்சது அவ்வளவுதான்."

இதைச் சொன்ன அடுத்த மூச்சிலேயே, அந்த ஆள் மற்ற மாடுகளுக்குப் போட்ட மருந்து கூடாத மருந்து, அதிலிருந்துதான் இதுகளுக்கு நோய் வந்திருக்கும் என்றும் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் காளைகளுக்கு ஊசி போடவே இல்லை என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவர். அவரும் ஊரின் கதையில் பாதியை நம்பிக்கொண்டிருந்தார். நிய்யத் வைத்த மாட்டை அல்லாஹ் காப்பான் என்று நம்பியவர். அதை விடவும் முடியாது, நடந்ததை மறுக்கவும் முடியாது, அதனால் நடுவில் யாரோ ஒருவர் கெட்டவராக இருக்கவேண்டியிருந்தது. "ஊசி போட்ட மாடு ஒண்டாவது செத்ததா ராத்தா?" என்று மட்டும் கேட்டேன். அவருடைய முகம் மெல்ல மெல்ல மாறியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

விசாரணையைப் பற்றிச் சொன்னேன். சவரிமுத்துவுக்கு வேலை போகும், பொலிசுக்கும் போகலாம், பிள்ளை படிக்கிறது என்றேன். "என்ட வாயால அவருக்கு எப்படிச் செல்றது? அவர் ஊர் முழுக்கச் சென்னாரே" என்று அழுதார். அவர் அழுததைப் பார்த்து எனக்கும் கண் நிறைந்துவிட்டது. டொக்டரைத் தவிர வேறு யாரிடமும் நானாகச் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். டொக்டரிடம் நடந்ததையும் அந்த வாக்கையும் சொன்னேன். அவர் சிங்களத்தில் என்னவோ முணுமுணுத்தார், நல்ல வார்த்தை அல்ல. பிறகு, சரி, வாக்கு வாக்குத்தான், பார்ப்போம் என்றார்.

விசாரணை நாளில் எங்கள் கந்தோர் விறாந்தை நிறைந்திருந்தது. ஊராரும் வந்திருந்தார்கள், முந்தலிலிருந்து சிலரும் வந்து மறுபக்கம் நின்றார்கள். சவரிமுத்து வெள்ளைச் சேர்ட் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு சுவரோடு நின்றார். விசாரிக்க வந்தவர் பெட்டிசத்தை வாசித்துவிட்டு, நடந்ததைச் சொல்லும்படி ஹாஜியாரிடம் கேட்டார். ஹாஜியார் எழும்பித் தொப்பியைச் சரிசெய்தார்.

"அந்த ரெண்டு காளைக்கும் ஊசி போடல்ல" என்றார். "போட நான் குடுக்கல்ல. குர்பான் மாட்டுல கட்டி வரும் எண்டு பயந்து நான்தான் ஒளிச்சு வெச்சேன். செத்த ஆத்திரத்துல பிழையா எழுதிட்டேன். இந்த மனுஷன்ல ஒரு குத்தமும் இல்ல."

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஹாஜியார் பொய் சொல்லமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியுமே! அந்த விறாந்தையில் அவர் சொன்னது பொய் என்று தெரிந்தவர்கள் டொக்டரும் நானும் மட்டும்தான். ராத்தா சொல்லியிருக்கிறார், அவர் அதைத் தன் தலையில் எடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அந்த மனுஷனின் காலைத் தொடவேண்டும்போல் இருந்தது. அவர் நேராகச் சவரிமுத்துவிடம் போய், இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சவரிமுத்து, "பரவாயில்ல ஹாஜியார், பரவாயில்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு ஹாஜியார் பள்ளியிலும் எழும்பி நின்று அதையே சொன்னார். ஊசியால் வருகிற கட்டி குர்பானுக்குக் குறையே இல்லை என்று மௌலவி விளக்கம் சொன்னாராம். அந்த ஒரு கேள்வியை யாரும் முதலில் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

நியமனம் வந்தது. இத்தோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் கதை ஓடுகிற காலத்தில் சவரிமுத்துவுக்கு ஒரு பட்டம் வைத்திருந்தார்கள், தண்ணி ஊசி என்று. அது போகவில்லை. அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை என்று ஹாஜியாரின் வாயாலேயே கேட்டவர்கள்கூட, "நாளைக்குத் தண்ணி ஊசி வருவார், மாட்டக் கட்டி வையுங்க" என்பார்கள். அவர்களுக்கு அது வெறும் பெயர். புதிதாக வந்தவர்கள் பெயருக்குக் காரணம் கேட்பார்கள், பழைய கதை அப்படியே திரும்பவும் வரும். அவருடைய மகள் பள்ளிக்கூடத்தில் இதனால் அழுதாள் என்று அவர் மனைவி ஒருமுறை சொன்னார். நம்பிக்கையைச் சாட்சியால் மாற்றலாம். பெயருக்கு எந்தச் சாட்சியைக் கொண்டுபோவது?

அதற்கும் ஹாஜியார் ஒரு வழி வைத்திருந்தார். கடையில் இருந்தாலும், வீதியில் போனாலும், கல்யாண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், அந்தப் பட்டம் காதில் விழுந்தால் கையிலுள்ள வேலையை நிறுத்துவார். "தண்ணி ஊசி இல்ல தம்பி. ஊசியே போடல்ல. மாட்ட ஒளிச்சு வெச்சது நான்" என்பார். கோபப்படாமல், ஒவ்வொரு முறையும் அதே வார்த்தைகளில் சொல்வார். கேட்டவருக்குத்தான் வெட்கமாக இருக்கும். இது ஒருநாள் இரண்டுநாள் அல்ல, வருஷக்கணக்கில் நடந்தது. சந்திப் பக்கம் அந்தப் பட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அவர் போகாத இடங்களில் அது இருந்துகொண்டே இருந்தது.

நான் ஓய்வு பெற்ற வருஷம் ஹாஜியார் மௌத்தானார். உடப்பிலிருந்து பஸ் எடுத்துப் போனேன். ஜனாஸாவை அடக்கிவிட்டு ஆண்கள் திரும்பி வந்து விறாந்தையிலும் முற்றத்துக் கதிரைகளிலும் இருந்தார்கள். நான் உள்ளே, புருஷன் போனபின் பிற ஆண்கள் கண்ணில் படாமல் இத்தா இருக்கத் தொடங்கியிருந்த ஜெமீலா ராத்தாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். விறாந்தைக்கும் அந்த அறைக்கும் நடுவே ஒரு சீலைத் திரைதான். வெளியே கதைப்பது எல்லாம் கேட்டது.

யாரோ வெளியூர்க்காரர், சிலுவை மாலை போட்டுக்கொண்டு வந்திருக்கிற அந்த ஆள் யார் என்று கேட்டார். "அவரா? அது நம்மட தண்ணி ஊசி" என்றது இன்னொரு குரல். சவரிமுத்து வந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். பிறகு ஒரு அமைதி. வழமையாக அந்த இடத்தில் வருகிற குரல் இனி வராது என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது போல இருந்தது.

ராத்தா எழும்பினார். பிற ஆண்கள் முன்னால் ஒருநாளும் சத்தமாகப் பேசாதவர், அதுவும் இத்தாவில் இருக்கிறவர். பெண்கள் கையைப் பிடித்தார்கள், விலக்கிவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"தண்ணி ஊசி இல்ல" என்றார். குரல் முற்றம் வரை கேட்டது. "ஊசியே போடல்ல. அந்த மாட்ட ஒளிச்சு வெச்சது ஹாஜியாரும் இல்ல. நான். அவர் என்னக் காப்பாத்தத்தான் அப்படிச் சென்னார்."

ராத்தா திரும்பி வந்து என் தோளில் தலையைச் சாய்த்தார். இத்தனை வருஷம் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாரே என்று நினைத்தேன். இன்றோடு எல்லாம் சரியாகும் என்றும் நினைத்தேன். இவ்வளவு காலம் வேலை செய்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

பின்னேரம் நான் புறப்பட்டபோது சவரிமுத்து பஸ் நிற்கும் இடம்வரை கூட வருகிறேன் என்றார். தலை நரைத்திருந்தது. வீட்டு வாசல் படலையடியில் இரண்டு பேர் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள், நாங்கள் கடந்து போனதைக் கவனிக்கவில்லை.

"ஹாஜியார் பொய் செல்ற ஆளா? பள்ளிக்குள்ள எழும்பிச் சென்னத நான் கேட்டவன்."

"அதுதானே. பாவம் அந்த மனுஷி. புருஷன்ட பேரக் காப்பாத்தத் தன்னில போட்டுக்கிது."

அந்தக் காலத்தில் எத்தனை நெருப்புக் குச்சி அடுக்கினோம், இதற்கு எதை அடுக்குவது என்று நின்றேன். பஸ் வருகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் சவரிமுத்து இல்லை. அவர் படலையடிக்குத் திரும்பிப் போய், அந்த இரண்டு பேருக்கும் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"நானாமாரே, அந்தத் தண்ணி ஊசி நான்தான்" என்றார். "அந்தம்மா சொன்னதுதான் உண்மை. கொஞ்சம் இருந்து கேளுங்க."